குடத்துக்குள் யார் பெயர்?

முசிறிக் கரையில் நின்று காவிரிக்கு அக்கரையைப் பார்த்தால் தெரிவது குளித்தலை. நடுவில் நீளமான பாலம். (ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பாலத்தில் பஸ் வந்துகொண்டே இருக்கும்!) 1957 சட்டமன்றத் தேர்தலில் அந்தக் குளித்தலைத் தொகுதியில் 32 வயது இளைஞர் ஒருவர் ஜெயித்தார். அப்போது குளித்தலையும் திருச்சி மாவட்டம்தான். தேர்தல் கமிஷன் கணக்கில் அவர் ஒரு சுயேச்சை. பெயர் மு. கருணாநிதி.

என்ன, குழப்பமாக இருக்கிறதா? விஷயம் இதுதான். தி.மு.க. 1949-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் 1957 தேர்தல் வரை அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி இல்லை. அந்த அங்கீகாரம் 1958-ல்தான் கிடைத்தது. எனவே அந்தத் தேர்தலில் ஜெயித்த அண்ணா, கருணாநிதி உட்பட எல்லா தி.மு.க.காரர்களும் ஏட்டில் சுயேச்சைகள்தான். பின்னாளில் தமிழ்நாட்டையே ஆண்ட ஒரு கட்சி, சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தது சுயேச்சைகளுக்கான வாசல் வழியாகத்தான்.

அந்த வாசல் இன்று எவ்வளவு அகலமாக இருக்கிறது? எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை வாங்காத ஒரு சாதாரண வாக்காளருக்கு, "யார் ஜெயிக்க வேண்டும்" என்று சொல்லும் உரிமை இருக்கிறது. "யார் நிற்க வேண்டும்" என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

திருச்சியில் வைத்த இரண்டு பெட்டிகள்

குளித்தலை வெற்றிக்கு ஒரு வருடம் முன்னால் போவோம். 1956 மே மாதம் திருச்சியில் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு. கட்சி தேர்தலில் போட்டியிடலாமா வேண்டாமா என்பதுதான் அப்போதைய பெரிய கேள்வி. பெரியார் வழியில் வந்தவர்களுக்குத் தேர்தல் என்றாலே ஒரு தயக்கம். பதவி வந்தால் கொள்கை போய்விடும் என்ற பயம்.

அண்ணா என்ன செய்தார்? மேடையில் அறிவித்து முடித்துவிடவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். போட்டியிடலாம் என்பவர்களுக்கு ஒரு பெட்டி சிவப்பில், வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பெட்டி கறுப்பில். எண்ணிப் பார்த்தபோது, போட்டியிடலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். நூற்றுக்கு 93 பேர் 'சரி' என்றார்கள். கட்சி தேர்தலில் இறங்கியது.

தமிழக அரசியல் வரலாற்றில் இது அபூர்வமான சம்பவம். ஒரு கட்சி தன் தலைவிதியை மாநாட்டுக்கு வந்த கூட்டத்தின் கையில் கொடுத்தது. ஆனால் அந்தப் பெட்டிகளில் கேட்கப்பட்டது "போட்டியிடலாமா" என்பதுதான். "எந்தத் தொகுதியில் யாரை நிறுத்தலாம்" என்பதற்குப் பெட்டி எதுவும் வைக்கப்படவில்லை. அந்த இரண்டாவது கேள்வியை ஊரைக் கூட்டிக் கேட்கும் வழக்கம் இன்றுவரை தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கட்சிக்கும் வரவில்லை.

இன்றைய நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததே. கட்சி அலுவலகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுக்க வேண்டும். தலைமை நேர்காணல் நடத்தும். பிறகு ஒரு நாள் பட்டியல் வரும். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று யாரும் கேட்க முடியாது. ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் ஜெயலலிதா அங்கே நின்றார், ஜெயித்தார், முதல்வரானார். 2014 செப்டம்பரில் நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தார். 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல், வேறு வேட்பாளர்கள். நான்கு வருடத்துக்குள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இரண்டு முறை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். இரண்டு முறையும் எந்தக் கட்சிக்கு யார் வேட்பாளர் என்பது சென்னையில்தான் முடிவானது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது?

"அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே வேட்பாளரையே மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை.

அங்கே பொதுத்தேர்தலுக்கு முன் 'பிரைமரி' என்று ஒரு தேர்தல் நடக்கிறது. ஒவ்வொரு கட்சிக்கும் யார் வேட்பாளர் என்பதை அதில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கும் நம்மைப் போலத்தான். பூட்டிய அறைக்குள் நாலு பெரிய தலைகள் உட்கார்ந்து வேட்பாளரை முடிவு செய்வார்கள். அதை உடைக்கத்தான் 1903-ல் விஸ்கான்சின் மாநிலம், கவர்னர் லா ஃபோலெட் முயற்சியில், பிரைமரியை மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

ஆனால் யார் அதில் ஓட்டுப் போடலாம்? இங்கேதான் சிக்கல். சில மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் போடலாம். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டவர் மட்டும்தான் போடலாம். "எந்தக் கட்சியும் வேண்டாம்" என்று பதிவு செய்த வாக்காளர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கருத்துக் கணிப்புகளில் தன்னை எந்தக் கட்சியும் சாராதவர் என்று சொல்லும் அமெரிக்கர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். பிரைமரியை நடத்தும் செலவு பெரும்பாலும் அரசாங்கத்துடையது, அதாவது இவர்கள் கட்டும் வரியும் சேர்ந்தது. வரி கட்டலாம், ஓட்டு மட்டும் கிடையாது. கோபம் வருமா வராதா?

ஒரு வேடிக்கையும் நடந்தது. 2016-ல் நியூயார்க் பிரைமரி ஏப்ரல் மாதம். ஏற்கெனவே வாக்காளராகப் பதிவு செய்தவர் கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் முந்தைய அக்டோபருக்குள் செய்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி! அப்போது வேட்பாளர் போட்டியில் இருந்த டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் இந்தக் கெடுவைத் தவறவிட்டார்கள். சொந்த அப்பாவுக்கே அவர்களால் அந்தப் பிரைமரியில் ஓட்டுப் போட முடியவில்லை. பிறகு நியூயார்க் அந்தக் கெடுவைக் குறைத்தது. வேட்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், சாதாரண ஆட்கள் கதை என்ன?

கட்சிகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "எங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து முடிவு செய்வதா?" என்பது அவர்கள் வாதம். எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து சோப்ளாங்கி ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனால்? 2000-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலிஃபோர்னியா வழக்கில் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. கட்சி விருப்பமில்லாமல் வெளியாட்களை அதன் வேட்பாளர் தேர்வில் திணிக்க முடியாது என்றது.

ஆனால் அதே வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி, "நாங்கள் ஒரு தனியார் சங்கம், எங்கள் பிரைமரியில் வெள்ளையர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம்" என்று விதி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே அந்தக் கட்சி வேட்பாளர் ஜெயிப்பது நிச்சயம். பிரைமரியில் ஓட்டு இல்லை என்றால் ஓட்டே இல்லை என்றுதான் அர்த்தம். 1944-ல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் தேர்தலின் ஒரு பகுதிதான். அதை வெறும் வீட்டு விவகாரம் என்று சொல்லிக் கதவைச் சாத்த முடியாது.

பி.காம். பாஷையில் சொன்னால், கட்சி உறுப்பினர் பங்குதாரர், வாக்காளர் வாடிக்கையாளர். கம்பெனியில் பங்குதாரருக்காவது வழி உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 160-வது பிரிவுப்படி, 14 நாள் முன்னால் நோட்டீஸும் ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட்டும் கொடுத்து ஒருவர் பெயரை டைரக்டர் பதவிக்கு முன்மொழியலாம். நம் ஊர்க் கட்சிகளில் பங்குதாரருக்கே அந்த உரிமை இல்லை. வாடிக்கையாளரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உத்திரமேரூர் குடம்

தேர்தல் என்றதும் நம்மவர்கள் பெருமையாகச் சொல்வது உத்திரமேரூர் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுதான் குடவோலை.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கே கடைசியில் நடந்தது குலுக்கல்தான், ஓட்டுப் போடுவது இல்லை. ஆகவே உண்மையான முடிவு குடத்திலிருந்து எடுக்கும்போது நடக்கவில்லை, குடத்துக்குள் போடும்போதே நடந்தது. எந்தப் பெயர் உள்ளே போகலாம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கல்வி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடவே கூடாது.

இதை முழு ஜனநாயகம் என்று புகழ முடியாது. நிலமில்லாதவருக்கு இடமில்லை. பிராமணர்களின் சபை அது, பெண்களுக்கும் பிற மக்களுக்கும் அங்கே வேலையில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தில் இன்றைய கட்சிகளை விட அந்தச் சபை மேல். யார் பெயர் குடத்துக்குள் போகலாம், யார் பெயர் போகக்கூடாது என்ற விதியை எல்லோரும் பார்க்கும்படி கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் அதைப் படிக்க முடிகிறது.

சுயேச்சை வாசல் சின்னதானது எப்படி?

"கட்சி வேட்பாளர் பிடிக்கவில்லையா? சுயேச்சைக்குப் போடு" என்பது சுலபமான பதில். ஒரு காலத்தில் அது நல்ல பதிலாகவும் இருந்தது. 1952 பொதுத்தேர்தலில் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர் டாக்டர் எட்வர்ட் பால் மதுரம், சுயேச்சை. அதே தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டசபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. சுயேச்சைகள் 62 பேர் உள்ளே வந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சமமான எண்ணிக்கை!

பிறகு என்ன ஆனது? ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

1968-ல் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு நிரந்தரச் சின்னம், வருடம் முழுக்கச் சுவரில் எழுதிக்கொள்ளலாம். சுயேச்சைக்கு என்ன சின்னம் என்பது மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 14 நாள். அதற்குள் ஒரு தொகுதி முழுக்கச் சீப்பையோ பலூனையோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிக் கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ. பதவி போகலாம். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு என்ன? வாக்காளர் அனுப்பி வைத்த ஆள், சபைக்குள் போனதும் முதலில் பதில் சொல்ல வேண்டியது கட்சிக்கு. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும்.

1996-ல் மொடக்குறிச்சி. கோரிக்கைகள் கவனிக்கப்படாத கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, களத்தில் மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச் சீட்டு புத்தகம் மாதிரி ஆனது. தேர்தலைத் தள்ளி வைத்துத்தான் நடத்த முடிந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, பின்னாளில் 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். வாக்குச் சீட்டில் முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். பந்தியில் மூன்றாவது வரிசை!

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் சொல்லலாம். 1,033 பேர் நின்றால் தேர்தல் நடத்த முடியாதுதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கட்சிக்கு வெளியே இருக்கும் வழி குறுகிக்கொண்டே வந்தது. கட்சிக்கு உள்ளே இருக்கும் வழி திறக்கப்படவே இல்லை.

49-ஓ முதல் நோட்டா வரை

வேட்பாளர் யாருமே பிடிக்காத வாக்காளருக்கு 49-ஓ என்று ஒன்று இருந்தது. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதி. வாக்குச்சாவடிக்குப் போய், "நான் யாருக்கும் ஓட்டுப் போட விரும்பவில்லை" என்று அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சுற்றிலும் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் உட்கார்ந்திருப்பார்கள். சின்ன ஊரில் யார் துணிந்து சொல்வார்கள்? 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது.

நல்ல மாற்றம். ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும் அடுத்தபடி அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர்தான். ஹோட்டலில் "இந்த மெனுவில் எதுவும் பிடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுக்கலாம். மெனு மாறாது.

மற்ற முயற்சிகள்

1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில், கட்சிகளுக்குள் ஜனநாயகம் கட்டாயம் வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும் என்றது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தி யோசனைப்படி காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் பிரைமரி நடத்திப் பார்த்தது. ஓட்டுப் போட்டவர்கள் கட்சிக்காரர்கள்தான், பொதுமக்கள் இல்லை. குஜராத்தின் வதோதராவில் நரேந்திர ராவத் அப்படி வந்த வேட்பாளர். நரேந்திர மோடி அங்கே நிற்கிறார் என்றதும் அவர் விலகிக்கொள்ள, கட்சி மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தியது. உள்தேர்தல் முடிவு தலைமையின் கணக்குக்கு முன்னால் நிற்கவில்லை.

இலங்கையில் வேறு மாதிரி. 1989 நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து அங்கே விருப்பு வாக்கு முறை. முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஓட்டு, பிறகு அந்தப் பட்டியலுக்குள்ளேயே மூன்று பேர் வரை விருப்பம் தெரிவிக்கலாம். உறுப்பினர் அட்டை தேவையில்லை. பட்டியலில் இருக்கும் ஆட்களில் யார் உள்ளே போவது என்பதை யாழ்ப்பாணத்து வாக்காளரும் மட்டக்களப்பு வாக்காளரும் முடிவு செய்ய முடிகிறது. குறை இல்லாமலில்லை. ஒரே கட்சி வேட்பாளர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள், செலவும் அதிகம். பட்டியலைத் தயாரிப்பதும் கட்சிதான். ஆனாலும் குடத்தின் மூடி கொஞ்சமாவது திறந்திருக்கிறது.

மறுபடியும் முசிறி

முசிறியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு சின்ன அதிசயம் உண்டு, தமிழ்நாடு முழுக்கவே உண்டு. ஊராட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. ஒன்றியம், மாவட்டம் இரண்டுக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டி. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. 2019 டிசம்பரில் திருச்சி மாவட்ட கிராமங்கள் ஓட்டுப் போட்டபோதும் அப்படித்தான். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் எல்லோரும் சமம். எந்தத் தலைமையும் பட்டியல் வெளியிட முடியாது.

பின்னால் கட்சிகள் வேலை பார்க்கும், சாதிக் கணக்கு ஓடும், சில ஊர்களில் பதவியை ஏலம் விட்ட செய்திகளும் வந்தன. உண்மைதான். ஆனால் நிற்க ஆசைப்படும் ஆள் யாரிடமும் பி ஃபார்ம் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

முசிறி ஊருக்குள் கதை வேறு. பேரூராட்சியாக இருந்த முசிறி 2021-ல் நகராட்சியானது. 2022-ல் தேர்தல். தமிழ்நாட்டின் மற்ற நகராட்சிகளைப் போலவே, வார்டு கவுன்சிலருக்கு மட்டும் மக்கள் ஓட்டு. தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் தலைவருக்கும் மேயருக்கும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் அந்த உரிமை இல்லை. ஊர் பெரிதாக ஆக, ஓட்டு சின்னதாகிறது!

என்னதான் வழி? அமெரிக்க பிரைமரியை அப்படியே இறக்குமதி செய்தால், "முதலில் கட்சியில் சேர், பிறகு பேசு" என்ற பூட்டும் சேர்ந்தே வரும். கட்சிகளை வேண்டாம் என்று சொல்வதும் நடக்காத காரியம். குறைந்தபட்சம் உத்திரமேரூர்க்காரர்கள் செய்ததையாவது கேட்கலாம். விதியை வெளியே எழுதி வை. ஏன் இந்தப் பெயர் குடத்துக்குள் போனது என்று சொல்.

இதற்கு ஒரு சின்ன ஆரம்பமும் இருக்கிறது. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு உள்ள ஒருவரை நிறுத்தும் கட்சி, ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தது, வழக்கில்லாத வேறு ஆளை ஏன் நிறுத்த முடியவில்லை என்ற காரணத்தைப் பத்திரிகையிலும் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்றது. "ஜெயிக்கக்கூடியவர்" என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. வழக்கு உள்ளவருக்குக் காரணம் சொல்ல முடியும் என்றால், எல்லா வேட்பாளருக்கும் ஏன் சொல்லக்கூடாது?

1956-ல் திருச்சியில் இரண்டு பெட்டி வைத்து 61,145 பேரிடம் கேட்க முடிந்தது. கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை. இருந்தது கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான். அன்று வைக்காமல் விட்ட மூன்றாவது பெட்டி ஒன்று பாக்கியிருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு யாராவது வாசலுக்கு வந்தால், "உங்களை யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா என்று பார்ப்போம்...